நமத்துப் போகாத சீர்

சீமந்தமோ பூணூலோ அறுபதாம் கல்யாணமோ, வீட்டில் நாள் குறித்த அன்றே 'என்ன பட்சணம் போடுவது' என்ற பேச்சு தொடங்கிவிடும். மும்பையில் அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு. நாள் எந்த மாதத்தில் வருகிறது? வருகிறவர்கள் செம்பூரிலிருந்தா, டோம்பிவிலியிலிருந்தா, வசாயிலிருந்தா? திரும்பும்போது கையில் பையோடு லோக்கலில் எத்தனை நேரம் நிற்பார்கள்? இதெல்லாம் தெரிந்தபிறகு போடுகிற பட்டியல்தான் உருப்படும். தஞ்சாவூரில் தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் வந்த அளவு ஜூலை மாதம் மாதுங்காவில் பிசகுகிறது என்றால் அளவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இங்கே காற்று வேறு.

அடுப்பிலிருந்து இறங்கும்போது பட்சணம் எப்படி இருந்தது என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். விருந்தாளி தன் வீட்டில் மறுநாள் காலை டப்பாவைத் திறக்கும்போது எப்படி இருக்கிறதோ, அதுதான் நாம் கொடுத்தது. ஆகவே மும்பையில் விசேஷத்துக்குப் பலகாரம் செய்வதென்றால் முக்கால் பங்கு வேலை ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான்.

அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை எதையும் துணிந்து செய்யலாம். மார்ச் முதல் மே வரை புழுக்கம். நெய் உருகி லட்டு வியர்க்கும், தேங்காய் போட்டது எதுவும் ஒரே நாளில் புளிக்கும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டைத் தாண்டும். நன்றாகப் பொரிந்த முறுக்கில் மிஞ்சுகிற நீர் மிகவும் குறைவு. அவ்வளவு வறண்ட பண்டத்தை அந்தக் காற்றில் திறந்து வைத்தால் உறிஞ்சத்தான் செய்யும். பரப்பு அதிகமுள்ள பண்டம் முதலில் போகும். அதனால் மழைக்கால விசேஷத்துக்கு ஓமப்பொடியும் அவல் மிக்ஸரும் வேண்டாம். பிழி கொஞ்சம் தடிமனாக இருக்கிற தேன்குழலும் முள்ளு முறுக்கும் தாக்குப்பிடிக்கும்.

தேன்குழல், மும்பைச் சரக்கோடு

பச்சரிசி மாவு 1 கிலோ, வறுத்து அரைத்த உளுத்தம்மாவு 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், உப்பு 25 கிராம், சீரகம் 2 தேக்கரண்டி, கட்டிப் பெருங்காயம் கரைத்த நீர். பிசையத் தண்ணீர் 800 மில்லிக்கு முன்பின் ஆகும். கையகலத்தில் பிழிந்தால் 50க்குக் குறையாமல் வரும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு என்று வைத்தால் இருபத்தைந்து பைக்குக் கணக்கு சரி.

அரிசி இங்கே கோலம்தான். பால்கர் பக்கத்து வாடா கோலம் சாப்பாட்டுக்கு அருமை. முறுக்குக்கு அவ்வளவு விலை கொடுக்க அவசியமில்லை, சாதாரண சூர்த்தி கோலம் போதும். பாஸ்மதி குருணை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் அதன் மணம் பெருங்காயத்தோடு சண்டை போடும். ஊரில் அரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி அரைப்பது வழக்கம். மழை மாதத்தில் அந்த வேலையில் இறங்காதீர்கள். வெளியில் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், மாவு இரண்டே நாளில் வாடை அடிக்கும். சுத்தமான துணியால் துடைத்து அப்படியே சக்கிக்கு (மாவு மில்லுக்கு) கொடுத்துவிட்டு, வந்த மாவை வெறும் வாணலியில் கையில் சூடு உறைக்கும்வரை புரட்டிச் சலித்துக்கொள்ளுங்கள்.

சக்கியில் ஒரு எச்சரிக்கை. நாள் முழுக்கக் கோதுமை ஓடிய கல்லில் நம் அரிசியைப் போட்டால் முதலில் வருவது கோதுமை கலந்த மாவு. நிறமும் மொறுமொறுப்பும் மாறிவிடும். வேறு யாராவது அரிசி அரைத்தபிறகு நம்முடையதைப் போடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு பிடி அரிசியை முதலில் ஓட்டி அந்த மாவைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள், தோசைக்கு ஆகும்.

வெண்ணெயிலும் கவனம் தேவை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற மஞ்சள் பாக்கெட் வெண்ணெய் உப்புப் போட்டது. அதைப் போட்டு மேலே அளந்த உப்பையும் போட்டால் கரிக்கும். பால் டெய்ரியில் 'லோணி' என்று கேட்டால் வெள்ளை வெண்ணெய் கொடுப்பார்கள், அதுதான் முறுக்குக்குச் சரி. அதிலும் மோர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒருமுறை குளிர்ந்த நீரில் அலசிவிடுங்கள். மோர் இருந்தால் முறுக்கு சீக்கிரம் சிவந்துபோகும்.

உளுந்தை வாசனை வந்து லேசாகப் பொன்னிறம் ஏறும்வரை மட்டும் வறுக்க வேண்டும். மாவு, உப்பு, வெண்ணெய் எல்லாவற்றையும் உலர்வாகவே விரல் நுனியால் பிசிறி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மொத்தத்துக்கும் ஊற்றாமல், இரண்டு ஈடுக்கு வேண்டிய மாவை மட்டும் அவ்வப்போது பிசையுங்கள். பிசைந்த மாவு காத்திருந்தால் நிறம் ஏறுவதோடு எண்ணெயும் குடிக்கும்.

பிழிந்தது எண்ணெயில் இழை இழையாகப் பிரிந்து கரைந்தால் வெண்ணெய் கூடிவிட்டது. அரிசி மாவு ஒரு கைப்பிடி சேர்த்தால் கட்டுக்குள் வரும். கல்லாகக் கடிபட்டால் வெண்ணெய் போதவில்லை. அச்சிலிருந்து வரும்போதே அறுந்து அறுந்து விழுந்தால் தண்ணீர் குறைவு. மேலே சிவந்து உள்ளே மெத்தென்று இருந்தால் தீ அதிகம். எண்ணெயின் சலசலப்பு முழுக்க அடங்கும்வரை எடுக்கக்கூடாது என்பது பாட்டிமார் சொல்வது. அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சத்தம் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் சத்தம். அடங்கினால் நீர் போய்விட்டது என்று பொருள்.

எடுத்தபிறகுதான் மும்பைக்கென்று தனிப் பாடம். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் படிந்து திரும்பச் சொட்டும். ஆறட்டும் என்று மாலைவரை விட்டால் காற்று வேலையைக் காட்டும். கைவைத்தால் வெதுவெதுப்பே தெரியாத நேரம் என்று ஒன்று இருக்கிறது, தேன்குழலுக்கு அது அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் வரும். அந்த நேரத்தில் அடைக்க வேண்டும். மழை பெய்யும்போது பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, அடுப்பிருக்கும் அறையிலேயே ஆறவிடுங்கள். பக்கத்து அடுப்பில் சோறோ பருப்போ கொதிக்க வேண்டாம்.

நமத்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. ஓவனை 110 டிகிரியில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சூடுகாட்டி, ஆறியதும் அடைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். காறல் வாடைக்கு இந்த வைத்தியம் கிடையாது. அது எண்ணெய் கெட்டதால் வருவது. ஏற்கெனவே வடையும் பஜ்ஜியும் பொரித்த எண்ணெயில் சீருக்கான முறுக்கைச் செய்யாதீர்கள். அன்று நன்றாகத்தான் இருக்கும், பத்தாம் நாள் தெரியும்.

கோகுலாஷ்டமியும் மழைக்குள் வருவதால் சீடை பற்றியும் ஒரு வார்த்தை. சீடை வெடிப்பது வெறும் சமையல் பிசகு அல்ல, முகத்தில் எண்ணெய் தெறிக்கும் ஆபத்து. உருண்டைக்குள் அடைபட்ட நீராவி வெளியேற வழியில்லாமல் போவதுதான் காரணம். மாவை இரண்டு முறை சலித்துக் குருணை, கல் உப்பு எதுவும் தங்காமல் பாருங்கள். உப்பைக் கரைத்துச் சேருங்கள். உருண்டையை வழவழப்பாக அழுத்தி உருட்டாமல் லேசாகச் சேர்த்து, துணியில் கால் மணி நேரம் காயவிட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து. முதலில் நான்கைந்தை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் போடுங்கள். குழந்தைகள் அடுப்படியில் நிற்க வேண்டாம்.

வெல்லமா சர்க்கரையா

வெல்லத்தில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்திருக்கின்றன. ஃப்ரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும். கடலை உருண்டை மழைக்காலத்தில் கையில் ஒட்டுவதற்கு அதுதான் காரணம். சர்க்கரை பூத்து உறைந்த இனிப்புகள் அந்த அளவுக்கு இழுப்பதில்லை. ஆகவே ஆகஸ்டில் விசேஷம் என்றால் மைசூர்பாகு, ஏழு கப், மாலாடு. வெல்ல உருப்படிகள் தீபாவளிக்கும் தைக்கும்.

இதில் மாலாடைத்தான் முதலில் வைப்பேன். பாகு கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, சீக்கிரம் கெட்டுப்போக வழியே கிடையாது. பொட்டுக்கடலை 250 கிராம், சர்க்கரை 250 கிராம், நெய் 140 கிராம் அளவில் 30 கிராம் லட்டு இருபது வரும். மும்பைக் கடைகளில் பொட்டுக்கடலைக்குப் 'பண்டர்பூரி டாள்' அல்லது 'டாளியா' என்று கேட்க வேண்டும். வெறும் 'டாள்' என்றால் வேறு ஏதாவது வந்து சேரும். கடலையை வாணலியில் சூடுபடுத்தி, ஆறவிட்டு, மைய அரைத்துச் சலிப்பது முக்கியம். குருணை இருந்தால் தொண்டையில் அடைக்கும். நெய்யை நன்றாகச் சூடாக்கிச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிடியுங்கள். எண்பது வயதுக்காரர்கள் பல்செட்டோடு சிரமமில்லாமல் சாப்பிடலாம் என்பதால் சதாபிஷேகப் பைக்கு இதைவிடப் பொருத்தமான இனிப்பு இல்லை.

மைசூர்பாகுக்குக் கடலை மாவு 100 கிராம், சர்க்கரை 250 கிராம், நெய் 250 முதல் 300 கிராம், தண்ணீர் 100 மில்லி. மாவைச் சலித்து, இரண்டு கரண்டி நெய்யில் கட்டியில்லாமல் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நெய் பக்கத்து அடுப்பில் கடைசிவரை புகைய நெருங்கும் சூட்டில் இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பிப் பாகில் மாவைச் சேர்த்துக் கிளறி, அந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக விடும்போது புஸ்ஸென்று பொங்கினால் சரி. அந்தச் சூட்டில் பாகிலுள்ள நீர் சட்டென்று ஆவியாகித் துளைகளை உண்டாக்குகிறது; நெய் ஆறியிருந்தால் கூடு விழாது, அல்வா மாதிரி படியும். பாகு பூத்துவிடுமோ என்று எலுமிச்சை பிழிகிறவர்கள் உண்டு. லட்டுக்கு அது சரி. இங்கே சர்க்கரை பூத்தால்தான் துண்டு நிற்கும், புளிப்பு அதைக் கெடுத்துவிடும்.

திரட்டிப்பாலுக்குத் தபேலாவிலிருந்து (எருமைத் தொழுவத்திலிருந்து) வருகிற எருமைப்பால் மிக நல்லது. 2 லிட்டர் பாலும் 200 கிராம் சர்க்கரையுமாக அரைக் கிலோவுக்கு மேல் வரும். வெல்லம் போடுவதானால் பால் சுண்டிக் கெட்டியானபிறகு போடுங்கள், முன்னால் போட்டால் திரிந்துவிடும். இது பையில் போட்டுக் கொடுக்கும் பண்டம் அல்ல; வீட்டுக்கு வந்தவருக்குக் கிண்ணத்தில் கொடுப்பதற்கு.

பருப்புத்தேங்காய்

சீமந்தம், பூணூல், கல்யாணம் என்று மேடையில் ஜோடியாக நிற்கிற இந்தக் கூம்புகளைக் கடையில் சொல்லி வாங்கிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கூம்பு அச்சான கூட்டில் சாக்லேட்டும் உலர்பழமும் நிரப்பி வைப்பதும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் இரண்டு பேர் கூடி ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. அத்தையும் மாமியும் சேர்ந்து பிடித்த பருப்புத்தேங்காய்க்கு மேடையில் இருக்கிற மதிப்பு வாங்கியதற்கு வராது.

ஒரு சாண் உயரக் கூடு இரண்டுக்குப் பொட்டுக்கடலை 500 கிராம், வெல்லம் 300 கிராம், ஏலக்காய், கொஞ்சம் சுக்குப்பொடி, நெய் 2 மேசைக்கரண்டி. வெல்லத்துக்குக் கிரானா (மளிகை) கடையில் சிக்கிக்கென்றே, அதாவது கடலை மிட்டாய்க்கென்றே, தனியாக விற்கிற வெல்லத்தைக் கேளுங்கள். நல்ல உருட்டுப் பாகு வரும், ஆறியதும் கண்ணாடிபோல் முறியும். அதே வெல்லத்தை அதிரசத்துக்குப் போட்டுவிடாதீர்கள், கடிக்க முடியாமல் போகும். (அதிரசத்துக்கு ஈர அரிசியைச் சக்கிக்காரர் வாங்கவும் மாட்டார், கல்லில் அப்பிக்கொள்ளும். மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலிப்பதுதான் இங்கே வழி.)

முதலில் கூட்டின் உட்புறம் நெய் தடவி, வெண்ணெய்த்தாளைக் கூம்பாகச் சுருட்டி உள்ளே செருகி, விளிம்பில் இரண்டு விரற்கடை வெளியே நிற்கவிடுங்கள். பிறகு இழுத்து எடுக்க அதுதான் பிடி. பொட்டுக்கடலையைச் சூடுபடுத்திப் பெரிய பாத்திரத்தில் தயாராக வையுங்கள். ஆறிப்போன கடலையில் பாகை ஊற்றினால் பட்ட இடத்திலேயே உறைந்துவிடும், கலக்கவே முடியாது.

வெல்லத்தைக் கால் டம்ளர் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடிகனமான வாணலியில் கொதிக்கவிடுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதை நிறுத்தாமல் செய்ய வேண்டும். முதலில் கரையும், பிறகு மெத்தென்று உருண்டையாகும், அது அதிரசப் பதம். இன்னும் இரண்டு மூன்று நிமிடத்தில் கெட்டியாகி, அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரும். மழைநாளில் சத்தம் தெளிவாகக் கேட்டபிறகும் அரை நிமிடம் விடுங்கள். பதம் ஒரு படி குறைந்தால் கூம்பு மேடையில் மந்திரம் முடிவதற்குள் சாயத் தொடங்கும். ஒரு படி மிஞ்சினால் வெல்லம் கருகிக் கசக்கும்.

தீயை அணைத்து நெய், ஏலக்காய், சுக்கு, கடலை எல்லாவற்றையும் போட்டு ஒருவர் கிளறிக்கொண்டே இருக்க, மற்றவர் நிரப்ப வேண்டும். கூட்டின் முனையில் முதல் கரண்டியைப் போட்டதும் மத்தின் காம்பாலோ மரக்கரண்டியின் பின்பக்கத்தாலோ அழுத்துங்கள். முனையில் காற்று தங்கினால் எடுக்கும்போது அங்கேதான் உடையும். ஒவ்வொரு கரண்டிக்கும் அழுத்தம் வேண்டும். பாத்திரத்தில் இறுகிவிட்டால் சிறுதீயில் ஒருமுறை காட்டி இளக்கலாம். இரண்டாம் முறை காட்டினால் நிறம் கறுத்துவிடும். வெறும் கையால் தொடாதீர்கள், வெல்லப் பாகின் சூடு எண்ணெயைவிடப் பொல்லாதது. ஒட்டிக்கொண்டு உரியும்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தாளைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். உடனே கண்ணாடித்தாளைச் சுற்றி ஒட்டி, மூடியுள்ள பெரிய டப்பாவில் நிற்க வையுங்கள். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் செய்வது போதும். ஜரிகைத்தாள், பூச்சரம் எல்லாம் கண்ணாடித்தாளின் மேலேயே சுற்றிக்கொள்ளலாம். பிரிப்பது உடைத்துப் பங்கு போடும்போது. வறுத்த தேங்காய்ப்பல் சேர்ப்பது சுவைதான், மழை மாதங்களில் மட்டும் அதை விட்டுவிடுங்கள்.

தாம்பூலப் பையில் அடுக்கும் வரிசை

பட்சணம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் கெடுவது இந்தப் பையில்தான். ஈர வெற்றிலை, அரைக் கிலோ எடையுள்ள தேங்காய், பூ, பழம், அவற்றுக்கு நடுவில் மெல்லிய பாலிதீன் உறையில் இரண்டு முறுக்கு. குர்லாவில் வண்டி மாறுவதற்குள் முறுக்கு தூளாகிவிடும். வீடு சேர்வதற்குள் வெற்றிலை ஈரம் அதில் ஏறிவிடும்.

தேங்காய் அடியில். அதன்மேல் பட்சண டப்பா. வெற்றிலையைக் கழுவித் துணியில் ஒற்றி, வாழையிலைத் துண்டிலோ வெண்ணெய்த்தாளிலோ சுருட்டி, பாக்கு மஞ்சளோடு ஓரமாக. பழம் கொடுப்பதானால் வாழைப்பழம் வேண்டாம், நசுங்கும். சாத்துக்குடி ஒன்று போதும். மொத்தம் ஒரு கிலோவுக்கு மேல் போகாதிருந்தால் வயதானவர்களும் தூக்கிக்கொண்டு ரயிலேறுவார்கள். தேங்காயைத் தவிர்க்க மனமில்லை, ஆனால் பலருக்கு அது பாரம் என்றால், பையைக் கொடுக்கும்போதே வேண்டுமா என்று கேட்டுவிடுவதில் அவமரியாதை எதுவும் இல்லை.

மகாராஷ்டிரத்தில் 2018 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. தைத்த பருத்திப் பைதான் சரி, அடி அகலமாக இருக்கும்படி சொல்லித் தையுங்கள். தட்டையான பையில் டப்பா சாய்ந்துவிடும். பெட்டி, தாள், நாடா எல்லாம் கிராஃபோர்டு மார்க்கெட்டை ஒட்டிய அப்துல் ரஹ்மான் தெருவில் மொத்தமாகக் கிடைக்கும். முந்திரி, திராட்சை, ஏலக்காய்க்கு மஸ்ஜித் பந்தர். பித்தளை, செம்புச் சாமான் பைதோணி பக்கத்துத் தாம்பாகாட்டாவில். சனிக்கிழமை பிற்பகலில் அந்தப் பக்கம் போகாதீர்கள், நிற்க இடமிருக்காது.

எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுப்பது மிகவும் நல்ல பழக்கம். பட்சணம் தீர்ந்தபிறகும் அந்த டப்பா வீட்டில் புழங்கும். ஆனால் சாதாரண எவர்சில்வர் மூடி காற்றை முழுக்கத் தடுக்காது. உள்ளே உட்புறம் வெள்ளிநிறப் பூச்சுள்ள உறையில் போட்டு, கைச் சீலரால் ஒட்டி வையுங்கள். மெல்லிய பாலிதீன் வழியாக ஈரம் மெதுவாக உள்ளே போகும், இந்த உறையில் அது மிகவும் குறைவு. முறுக்கையும் இனிப்பையும் ஒரே உறையில் போடக்கூடாது. இனிப்பின் ஈரம் முறுக்குக்குப் போய்விடும், இரண்டும் கெடும்.

இன்னாருக்கு இன்னது

வளைகாப்பில் கண்ணாடி வளையல் வாங்கும்போது அளவுக் குழப்பம் எப்போதும் வரும். 2-4, 2-6, 2-8 என்று சொல்வதில் முதல் எண் அங்குலம், இரண்டாவது அங்குலத்தின் பதினாறில் பங்கு. 2-4 என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், ஏறக்குறைய 57 மில்லிமீட்டர், 2-6க்கு 60, 2-8க்கு இரண்டரை அங்குலம், 63க்குச் சற்று மேல். கர்ப்பிணியின் பழைய வளையல் ஒன்றின் உட்புறத்தை அடிக்கோலால் அளந்துகொண்டு, அதைவிட ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். ஏழாம் மாதத்துக்குமேல் கை வீங்கியிருக்கும்; பழைய அளவை ஏற்றினால் உடைந்து கீறும். வரும் பெண்களுக்குப் பாதி 2-6, மிச்சத்தில் 2-4ம் 2-8ம் சரிபாதி என்று புலேஷ்வரில் வாங்கினால் பெரும்பாலும் மிஞ்சாது, குறையாது. குழந்தைகளுக்கு 2-0, 2-2 இரண்டு டஜன் தனியே.

அறுபதுக்கும் எண்பதுக்கும் வேட்டி எடுத்துக் கொடுக்கிறவர்கள் 9×5 என்பதைச் சரியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்பது முழ வேட்டி, ஐந்து முழ அங்கவஸ்திரம். முழம் ஏறக்குறைய ஒன்றரை அடி. பஞ்சகச்சத்துக்கு இது போதும். பருத்த உடம்புக்கு 10×6 எடுங்கள், இல்லாவிட்டால் கச்சம் எட்டாது. வைதிகத்துக்குக் கட்டும் வேட்டி கோடியாக, நனைக்காமல்தான் இருக்க வேண்டும் என்று சில வீடுகளில் உண்டு. அவர்களுக்கு அப்படியே கொடுங்கள். வீட்டில் கட்டிக்கொள்ள என்றால் இரண்டு முறை அலசிக் கஞ்சி போக்கிக் கொடுங்கள். முதியவர்களின் தோலுக்குப் புதுக்கஞ்சி அரிக்கும்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவருக்குச் செயற்கை இனிப்புப் போட்ட லட்டைத் தேடி அலைய வேண்டாம். அவருக்கென்று தனியாகப் பருப்புப்பொடி 200 கிராம், கறிவேப்பிலைப் பொடி 100 கிராம் அரைத்துப் புட்டியில் கொடுங்கள். எல்லோரும் இனிப்பு வாங்கும்போது தன்னை நினைத்துச் செய்தது ஒன்று கையில் வருவது அவருக்குப் புரியும்.

அந்தேரியிலும் பவாயிலும் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கிற, படிக்கிற பிள்ளைகள் விசேஷத்துக்கு வந்தால் புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்புங்கள். புளி 100 கிராமை 400 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். நல்லெண்ணெய் 125 மில்லி, காய்ந்த மிளகாய் 10, கடலைப்பருப்பு 2 மேசைக்கரண்டி, கடுகு, மஞ்சள்தூள், பெருங்காயம், உப்பு 30 கிராம், வறுத்துப் பொடித்த வெந்தயம் 1 தேக்கரண்டி, சுண்டைக்காயளவு வெல்லம். தாளித்துப் புளிக்கரைசலை ஊற்றி, சிறுதீயில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை கொதிக்க வேண்டும். எண்ணெய் பிரிந்தால்தான் நீர் வற்றியது. அவசரப்பட்டு முன்னால் இறக்கினால் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். நன்றாகப் பிரிந்ததை ஈரமில்லாத புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் கவலையில்லை. வேர்க்கடலையை அதில் போடாமல் வறுத்துத் தனிப் பொட்டலமாகக் கொடுங்கள், ஊறினால் சவசவத்துவிடும். ஈரக்கரண்டி போடக்கூடாது என்று வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

தீபாவளிச் சீரில் லேகியம் இருந்தால் அதற்கு ஈடில்லை. சுக்கு 25 கிராம், ஓமம் 25, தனியா 15, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சீரகம் தலா 10. எல்லாவற்றையும் தனித்தனியே சூடுகாட்டி, பொடித்து, மெல்லிய துணியில் சலித்து, வெல்லம் 200 கிராமைக் கரைத்து வடிகட்டிய பாகில் சேர்த்துக் கிளறுங்கள். நெய் 50 கிராமும் நல்லெண்ணெய் 50 கிராமும் சிறிது சிறிதாக. வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வந்ததும் இறக்கி, முழுக்க ஆறியபிறகு தேன் 50 கிராம். சுக்கை மட்டும் இடித்துவிட்டு மிக்ஸியில் போடுங்கள், முழுசாகப் போட்டால் பிளேடு போய்விடும். சலிக்காமல் செய்த லேகியத்தில் சுக்கு நார் நாக்கில் தட்டும், ஒருவாய்க்குமேல் யாரும் தொடமாட்டார்கள். தேன் இருப்பதால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தரக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டபிறகே.

கொடுக்கிற ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டுங்கள். செய்த தேதி, எத்தனை நாள் வெளியே இருக்கும், நெய், முந்திரி, வேர்க்கடலை, எள் இருந்தால் அது. ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் மூடியைத் திறப்பாள். பில்டிங்கில் அடுத்த வீட்டுக்காரர்கள் ஜைனர்களாக இருந்தால் அவர்களுக்குத் தனிச் சீட்டு வேண்டும்: வெங்காயம், பூண்டு, இஞ்சி, தேன் எதுவும் இல்லை என்று இந்தியிலோ குஜராத்தியிலோ எழுதி, மாலாடு வையுங்கள். லேகியம் அவர்களுக்கு ஆகாது. மழை மாதங்களில் அவர்களுடைய நோன்புக் காலங்களான சாதுர்மாசமும் பர்யுஷணும் வரும். உண்ணும் நேரமும் பண்டமும் வீட்டுக்கு வீடு மாறும். பெட்டியை நீட்டுவதற்கு முந்தின நாளே அந்த வீட்டுப் பெரியவரிடம் என்ன எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டால், அதற்கேற்பச் செய்ய ஒரு இரவு கையில் இருக்கும்.